திரை போன லேப்டாப்பில் பிளஸ் ஒன் கணக்கு

"உக்காருங்கம்மா, பாத்துடலாம்" என்று கடைக்காரத் தம்பி சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்துவிடுகிறேன், உட்கார் என்றால் உட்காருகிறேன், சாப்பிடு என்றால் சாப்பிடுகிறேன், சாப்பிட்டது உப்புமாவா சேமியாவா என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரிவதில்லை. மேட்டூர் ரோட்டில் மாடியில் இருக்கிறது கடை, கீழே செருப்புக்கடை, படியேறும்போது ரப்பர் வாசம் மூக்கில் ஏறியது, நல்ல வாசமா கெட்ட வாசமா என்று தோன்றவில்லை, வாசம் என்று மட்டும் தெரிந்தது. தம்பியின் பெயர் நவநீதன், கண்ணாடிக் கதவில் அதையே கடைப் பெயராகவும் எழுதிவைத்திருக்கிறான், தாடிக்காரன், முப்பது வயதிருக்கும். என் மடியிலிருந்த பையை அவனாகவே வாங்கி லேப்டாப்பை வெளியே எடுத்துத் திறந்து "அய்யோ" என்றான். பின்னே, திரை முழுக்க விரிசல், நடுவில் மை கொட்டிய மாதிரி ஒரு கறுப்பு. "கீழ விழுந்துருச்சுங்களா?" "இல்லப்பா, தலைக்கு வெச்சுப் படுத்துட்டாங்க." சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான், பொட்டில்லாத நெற்றியைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிக்கொண்டான். சிரித்திருக்கலாம், நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் பங்குனியில் காய்கறி மார்க்கெட்டில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி வீடு நிறைய ஆட்கள், கிடைத்ததைத் தலைக்கு வைத்துக்கொண்டு கிடைத்த இடத்தில் சாய்ந்தார்கள், சோபா மெத்தை, மடித்த பெட்ஷீட், வெங்காயச் சாக்கு, அரச்சலூர் மாமாவுக்கு அகப்பட்டது மேசைக்கடியில் இருந்த இந்தக் கறுப்புப் பை. மாமா ஆளும் கனம், தலையும் கனம். விடிந்ததும் எழுந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, "என்ன தலகாணி வெச்சிருக்கறீங்க, இத்தன கெட்டியா" என்று என்னிடமே குறை சொன்னார். நானும் சரிங்க மாமா என்றேன்.

"டிஸ்ப்ளே மட்டும்தாம்மா போயிருக்குது" என்கிறான் நவநீதன், "இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே இப்ப வர்றதில்லீங்க, ஆனா நமக்கு டிஸ்ப்ளே எதுக்கு, டிவில மாட்டிப் பாத்துக்கலாம், உள்ள இருக்கறது உள்ளயேதான் இருக்கும்." உள்ளே இருப்பது உள்ளேயேதான் இருக்கும். இவன் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறான், எனக்கு உள்ளே இருந்தது எங்கே போனது என்று தெரியவில்லையே. எனக்கு அவர் முகம் வேண்டும், அதற்குத்தான் வந்திருக்கிறேன், வேறு எதுவும் இந்தப் பெட்டிக்குள் எனக்கு வேண்டாம். முகத்தை மறந்துவிட்டேன் என்றில்லை, மறந்திருந்தால் கூடப் பரவாயில்லை, ஒரு முகம் இருக்கிறது, அது போகமாட்டேன் என்கிறது. ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் இருந்த முகம். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, வாய் திறந்துகொள்ளக்கூடாதென்று தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது, நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன், துடைக்கத் துடைக்க அந்த முகம்தான் தெளிவாகத் தெரிந்தது, துடைக்காமல் விட்டிருக்கலாம். இப்போது அவர் பல் துலக்கியதை நினைத்தால், துலக்குகிறவர் முகத்தில் அந்தக் கட்டு இருக்கிறது. சாப்பிட்டதை நினைத்தால், தட்டிலிருந்து கை மேலே போகிறது, அங்கே கட்டு, கை அப்படியே நின்றுவிடுகிறது. முப்பது வருஷம் ஒரு மனுஷனோடு குடித்தனம் செய்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், காய்ச்சலுக்குப் பத்துப் போட்டிருக்கிறேன், அத்தனையிலும் அந்தத் துணி பின்னாலேயே போய் அவர் முகத்தைக் கட்டிவிட்டது. கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்திருந்தவரை நேற்று நினைத்துப் பார்த்தேன், அங்கேயும் பஞ்சு. இதை யாரிடம் சொல்வது, சொன்னால் கோயிலுக்குப் போ, மந்திரித்துக்கொள் என்பார்கள்.

போட்டோ இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, கூடத்தில் மாலையோடு மாட்டியிருக்கிறது. மகள் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கச் சொல்லிக் கொழுந்தனார் கொடுத்தார், போட்டோக் கடைக்காரன் அவனாகவே பின்னால் ஒரு நீலத் திரை போட்டு, வழுக்கையை மூடி, சட்டையை எடுத்துவிட்டுக் கோட்டு மாட்டி, டையும் கட்டிவிட்டான். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவது என்றானாம், செத்தவர்களுக்கென்றே ஒரு கோட்டு வைத்திருக்கிறான் போலிருக்கிறது. நாச்சிமுத்து வாத்தியார் ஆயுசில் கோட்டுப் போட்டதில்லை, வெயில் காலத்தில் சட்டையே போடமாட்டார். படையலுக்கு வந்தவர்கள் எல்லாரும் "சார் கம்பீரமா இருக்கறாரு" என்று கும்பிட்டார்கள், யாரைக் கும்பிட்டார்களோ, எனக்கு அந்தக் கோட்டுக்காரரைத் தெரியாது. கோட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் உதவாது, கேமராவைக் கண்டால் அவருக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும், மூச்சை அடக்கி நெஞ்சைத் தூக்கி அட்டென்டன்ஸ் சொல்கிற பையன் மாதிரி நிற்பார். மகள் கல்யாண வீடியோவையும் போட்டுப் பார்த்தேன், முழுக்கப் பார்த்தேன், ஒன்று முதுகு, இல்லாவிட்டால் புகையில் கண்ணைத் துடைக்கிற துண்டு. போனிலெல்லாம் அவர் எடுத்ததுதான், அவர் இருப்பது இல்லை. ஆக அவர் அவராக, வாய் அசைய, கண் அசைய இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது இந்த லேப்டாப்பில் அவரே எடுத்த பிளஸ் ஒன் கணக்குப் பாடங்கள். மேலே இஸ்திரிச் சட்டை, தலை சீவி, திருநீறு வைத்து, கீழே லுங்கி. அறைக் கதவைச் சாத்திக்கொள்வார், சத்தம் கேட்குமென்று ஃபேனை நிறுத்திக்கொள்வார், யாரும் உள்ளே வரக்கூடாது, முடித்து வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். "யாருக்கு இத்தன அலங்காரம்" என்று கேட்டால், "பசங்க பாப்பாங்கல்ல" என்பார். பசங்களிடமும் கேட்டுவிட்டேன், துக்கத்துக்கு வந்த பையனிடம், அந்தப் பாடமெல்லாம் வைத்திருக்கிறாயா சாமி என்று. "அப்பவே டெலிட் பண்ணிட்டனுங்க, போன்ல எடமில்லீங்க" என்றான். நல்ல பையன், பாடை தூக்கினான்.

நவநீதன் லேப்டாப்பை மேசைமேல் வைத்து ஒரு கறுப்பு வயரைச் செருகுகிறான். வயரின் மறுமுனை சுவரில் இருக்கிற பெரிய டிவிக்குப் போகிறது, காவல் கேமரா வாங்க வருகிறவர்களுக்குப் படம் காட்ட வைத்திருக்கிற டிவி, இதுவரை அதில் கீழே செருப்புக்கடை வாசலும் என் செருப்பும் தெரிந்துகொண்டிருந்தன. எனக்கு வெளியே கிடக்கும் செருப்பைப் பார்த்தால் ஏதாவது தோன்ற வேண்டும் என்று நினைக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. இப்போது படம் போய்விட்டது, டிவி கறுத்து, சின்னக் கட்டம் ஒன்று வருகிறது, அதற்குள் நோ சிக்னல் என்று எழுதியிருக்கிறது. கட்டம் ஒரு பக்கமிருந்து நகர்ந்து ஓரத்தில் முட்டித் திரும்புகிறது, மேலே போகிறது, முட்டுகிறது, திரும்புகிறது. மூலையில் சரியாகப் போய்ச் சேருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேரவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண், சார்ஜர் வாங்க வந்தவள், அவளும் அதைத்தான் பார்க்கிறாள். இந்தப் பக்கம் கேமரா விலை விசாரிக்க வந்த வேட்டிக்காரர் ஒருவர், அவரும். மூன்று பேரும் ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், நான் கையை எப்படிக் கழுவுவது என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், டாக்டர் வெளியே வந்து "கூட வேற யாரும் வந்திருக்காங்களா" என்று கேட்டார், எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, தெரிந்தும் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன், கட்டைவிரலைத் தனியாகத் தேய்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. கட்டம் திரும்பவும் முட்டுகிறது. "சிக்னல் போக மாட்டீங்குதே" என்று நவநீதன் முணுமுணுக்கிறான். வயரைப் பிடுங்கி ஊதிச் செருகுகிறான். மாமாவின் தலை திரையோடு நிற்காமல் உள்ளே இருக்கிறதையும் நசுக்கியிருந்தால். பாடமெல்லாம் நசுங்கியிருந்தால். எனக்குப் பயம் வருகிறது, பயம் வருகிறது என்று தெரிகிறது, ஆனால் அது எங்கேயோ அடுத்த வீட்டில் அரைக்கும் சத்தம் மாதிரிதான் வருகிறது. அதைவிட இன்னொரு பயம் இருக்கிறது. படம் வந்து, அவர் வந்து, அவ்வளவு பெரிய டிவியில் எல்லார் முன்னாலும் அந்தத் துணிக் கட்டோடு வந்து நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன செய்வது. அப்படி வராது என்று தெரியும். எனக்குப் பைத்தியம் இல்லை. ஆனால் மணவறைக்கே வந்த துணி இங்கே வராதா.

போன் அடிக்கிறது, பெங்களூரிலிருந்து மகள் சுகந்தி. "எங்கம்மா இருக்கற?" "கடையில கண்ணு, அந்த லேப்டாப்பு ரிப்பேருக்கு." "நாந்தான் வந்து பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? இந்த வெய்யில்ல எதுக்கும்மா போன?" "பஸ்ல வந்தேன், வெய்யில் தெரியல." "சாப்பிட்டயா?" "சாப்பிட்டேன்." "என்ன சாப்பிட்ட?" இவள் இப்படித்தான் மடக்குவாள், அப்பனைப் போல, விடை சொன்னால் போதாது, வழியும் சொல்ல வேண்டும். "இட்லி" என்கிறேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. அவளுக்கு அழ வருகிறது, கொடுத்துவைத்தவள். "அம்மா, நீ ஒருக்கா அழுதுட்டயின்னா சரியாயிரும்மா" என்கிறாள். "சரி கண்ணு" என்கிறேன். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், நானும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரோ கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கிவரச் சொன்ன மாதிரி. அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் கல்லாட்டம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஊர்ப்பட்ட பெண்கள் பதறிப்போனார்கள், "அழுக வைங்க, அழுக வைங்க, நெஞ்சடைச்சுப் போயிரும்" என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார்கள், நாத்தனார் என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள், அவள் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கு என் கன்னத்தில் குத்திக்கொண்டிருந்தது, எனக்கு ஊக்குதான் தெரிந்தது. அழாத பெண்டாட்டியைப் பற்றி என்னென்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் வேறு வீடுகளில் அப்படிப் பேசியிருப்பேன். அழுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. பெட்டிக்குள் இருந்தவர் எனக்கு வேண்டியவராகத் தெரியவில்லை, சுவரில் இருக்கிற கோட்டுக்காரரும் இல்லை, யாரை நினைத்து அழுவது. "வெச்சுடறேன் கண்ணு, இங்க கூப்படறாங்க" என்று பொய் சொல்லி வைத்துவிடுகிறேன்.

"வந்துருச்சுங்கம்மா!" பொய் சொன்ன வாய் மூடுவதற்குள் நிஜமாகவே கூப்பிடுகிறான். டிவியில் நீல வானமும் ஒரு பச்சை மலையும் தெரிகின்றன, அதன்மேல் சின்னச் சின்னப் படங்கள், இங்கிலீஷ் எழுத்துகள். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. அவர் எதையும் பூட்டிவைக்கிற ஆள் இல்லை, பீரோவே திறந்துதான் கிடக்கும். அவர் மேசையைச் சந்தையில் கொண்டுவந்து விரித்த மாதிரி எல்லாம் அங்கே தெரிகிறது, வேட்டிக்காரர் உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகப் படிக்கிறார், கொடியில் காயும் உள்பாவாடையை யாரோ நின்று பார்ப்பதுபோல எனக்குக் கூச வேண்டும், கூசவில்லை, படித்துக்கொள்ளட்டும். "எதுங்கம்மா வேணும்?" "பிளஸ் ஒன் கணக்கு." நவநீதன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கிறான், கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன், இப்படி ஏதாவது எதிர்பார்த்திருப்பான். "வீடியோ, தம்பி. அவரு நடத்துனது." "சரீங்" என்று தேடுகிறான், கண்டுபிடிக்கிறான், திறக்கிறான். டிவி முழுக்க வரிசை வரிசையாகச் சின்னப் படங்கள் வந்து நிரம்புகின்றன, கணங்கள், முக்கோணவியல், தொடர்கள், எல்லாம் இருக்கிறது, ஒன்றும் நசுங்கவில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் வெள்ளையாக ஏதோ. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். "என்ன தம்பி அது?" "நோட்டுங்கம்மா." ஒன்றை அழுத்தி நடுவில் ஓட்டுகிறான். கோடு போட்ட நோட்டு, ஒரு கை, நீலப் பேனா, சைன் ஸ்கொயர் தீட்டா ப்ளஸ் காஸ் ஸ்கொயர் தீட்டா என்று அவர் குரல், ஜலதோஷம் பிடித்த குரல், அன்றைக்குச் சளி இருந்திருக்கிறது. வேறொன்றை அழுத்துகிறான், நோட்டு, கை. இன்னொன்று, நோட்டு, கை, அடித்துத் திருத்துகிறார். "சார் நல்லாத்தான் செட்டப்பு பண்ணிருக்காருங்க" என்று நவநீதன் மெச்சிக்கொள்கிறான், "லேப்டாப்பைப் புஸ்தகத்து மேல தூக்கி வெச்சு, மூடிய முன்னால சாய்ச்சு, கேமரா கீழ நோட்டப் பாக்கற மாதிரி. எழுதறது பளிச்சுன்னு தெரியுது பாருங்க." ஆமாம், பளிச்சென்று தெரிகிறது. அவர் முகம் எதிலும் இல்லை. சட்டைக் கை மட்டும் தெரிகிறது, இஸ்திரி மடிப்போடு, மணிக்கட்டு வரை. இந்தக் கைக்காகவா தலை சீவிக்கொண்டீர்கள், இந்தக் கைக்காகவா திருநீறு. கேமரா முன்னால் உட்காருவதென்றால் குளித்துத் தலை சீவி உட்கார வேண்டும், அது முகத்தைப் பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம், இப்படி ஒரு மனுஷனோடு என்ன செய்வது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கிறேன், துடித்துக்கொண்டிருக்கிறது, அதுபாட்டுக்கு.

"எல்லாத்தையும் பென்டிரைவுல காப்பி பண்ணிரலாங்களா?" "பண்ணுப்பா" என்கிறேன், அவன் கேட்டான், நான் சொன்னேன். ஒரு பச்சைக் கோடு டிவியில் மெதுவாக நீள்கிறது, அதன் கீழே இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று வருகிறது, உடனே ஐந்து நிமிஷம் என்கிறது, அப்புறம் மூன்று மணி நேரம் என்கிறது. கணக்குத் தெரியாத கோடு. வேட்டிக்காரர் விலை அதிகம் என்று சொல்லிக்கொண்டே எழுந்திருக்காமல் இருக்கிறார், காற்று வருகிற இடம், டிவி வேறு. கை இருக்கிறதே, கையாவது இருக்கிறதே என்று என்னை நானே சமாதானம் செய்கிறேன். அந்தக் கையை எனக்குத் தெரியும், ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு கோடு இருக்கும், சுகந்தி சின்னவளாக இருந்தபோது கதவில் நசுக்கியது. அந்தக் கையை வைத்துக்கொண்டு மேலே போய்ப் பார்க்கலாம் என்று முயற்சி செய்கிறேன், கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து, மேலே போகிறேன், போனதும் அங்கே கட்டு. திரும்பக் கீழேயிருந்து தொடங்குகிறேன். கை, மணிக்கட்டு, இஸ்திரி மடிப்பு. தோள். கட்டு. அந்தத் துணி எங்களுடையதே இல்லை, பெட்டிக்காரர்கள் கொண்டுவந்தது, எரிக்கும்போது அவிழ்த்துவிட்டார்களாம், கொழுந்தனார் சொன்னார், நான் சுடுகாட்டுக்குப் போகவில்லை, பெண்கள் போவதில்லை. போயிருந்தால் அவிழ்த்த முகத்தையாவது பார்த்திருப்பேன். இல்லை, அதுவும் அந்த முகம்தான். இனிமேல் இப்படித்தான் போலிருக்கிறது. வயதாக ஆக எல்லாம் மங்கும் என்கிறார்கள், நல்லது முதலில் மங்குமா கெட்டது முதலில் மங்குமா என்று யாருக்கும் தெரியாது. சுகந்திக்கு என்ன சொல்வது, பாடமெல்லாம் வந்துவிட்டது என்று சொல்லலாம், அவளுக்குக் குரல் கேட்டால் போதும். எனக்கும் போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் ஒன்றுமில்லை.

கோடு கடைசிக்கு வந்து மறைகிறது. "ஆச்சுங்கம்மா, ஒருக்கா செக் பண்ணிக் குடுத்தர்றேன்" என்கிறான் நவநீதன். "அதான் பாத்தமே தம்பி." "அது லேப்டாப்புல பாத்ததுங்க. இது நான் காப்பி பண்ணினது. காப்பி நடுவுல நின்னிருந்தா வீடியோ ஆரம்பமெல்லாம் நல்லா ஓடும், கடைசிதான் போயிருக்கும். அதனால கடைசிய ஓட்டிப் பாத்துக்கறது நம்ம வழக்கமுங்க." என்னவோ செய்யட்டும் என்று நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறேன். முதல் பாடத்தைத் திறந்து நேராகக் கடைசிக்கு இழுத்துவிடுகிறான். நோட்டு. கை பேனாவை மூடுகிறது. "இதத் திருப்பிப் போட்டுப் பாருங்க" என்கிறது குரல். அப்புறம் நோட்டு நழுவுகிறது, மேசை விளிம்பு, சட்டைப் பொத்தான்கள், எல்லாம் சாய்ந்து மேலே மேலே ஏறுகிறது, மூடியை நிமிர்த்துகிறார், நிறுத்துவதற்காக நிமிர்த்துகிறார், டிவி முழுக்க முகம். அவர் முகம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார், நாக்கு நுனி ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது, மேலுதட்டில் வியர்வை, "எங்க போச்சு இது" என்கிறார், வாய் திறந்து மூடுகிறது, தாடை அதுவாக அசைகிறது, ஒரு கட்டும் இல்லை. அவ்வளவுதான், நின்றுவிட்டது. "ஓடுது, நல்லாருக்குது" என்று அடுத்ததற்குப் போகப் போனான். "தம்பி, இன்னொருக்கா." போட்டான். நோட்டு, பொத்தான், முகம், எங்க போச்சு இது. "இன்னொருக்கா." திரும்பவும் போட்டான். பிறகு அவனாகவே அடுத்த பாடத்தின் கடைசிக்குப் போனான், அங்கேயும் நிமிர்த்துகிறார், அங்கேயும் தேடுகிறார், தும்முகிறார். அதற்கடுத்ததில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம், புருவம் ஏறுகிறது. "மொதல்ல எல்லாத்துலயும் வெட்டியிருக்காருங்க, கடைசில வெட்டல" என்றான் நவநீதன் மெதுவாக. ஆமாம், முதலில் முகம் வந்தால் பசங்க கிண்டல் செய்வார்கள் என்று வெட்டியிருப்பார். கடைசி வரைக்கும் எவன் பார்க்கப் போகிறான், அவருக்குத் தெரியாதா, எத்தனை வருஷம் பாடம் நடத்தியவர். அடுத்தது. அடுத்தது. கல்லூரிப் பெண் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டாள். வேட்டிக்காரர் கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கிக்கொண்டார். தொடர்கள், இரண்டாம் பகுதி. நோட்டு மூடுகிறது, சட்டை, கழுத்து, முகம், இந்த முறை பொத்தானைத் தேடவில்லை, தலையைக் கதவுப் பக்கம் திருப்பி, பக்கவாட்டில், காது மயிர் தெரிய, சத்தமாக, "வசந்தா, ஆச்சு, காப்பி கொண்டா" என்கிறார். "இதா வந்துட்டனுங்க" என்றேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.